வேறு மருந்து எதுவும் சாப்பிடுறீங்களா?

சாம்பல் நிறப் பேன்ட்டை அண்ணி மூன்றாவது முறையாகத் திருப்பிப் போட்டாள்.

கறை அங்கேயேதான் இருந்தது. இரண்டு விரல் அகலம். ஆரஞ்சு நிறம். ஓரங்களில் மெலிந்து பரவிய எண்ணெய்.

காலரில் ஒட்டிய உதட்டுச் சாயம் எத்தனை நாள் பழையது, சட்டையில் சிந்தியது காபியா இருமல் மருந்தா என்று பார்த்தவுடன் சொல்லிவிடுகிறவள் அவள். வீட்டார் நடத்தும் சலவைக்கடையில் கறை எடுக்கும் மேசை அவளுடைய ராஜ்ஜியம். வேலை செய்கிறவர்களுக்கும் வாடிக்கையாளர்களில் பலருக்கும் அவள் அண்ணிதான். பதினைந்து வயதில் கொழுந்தன் வாய் நிறையக் கூப்பிட ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்தக் கொழுந்தன் சின்னவனின் பேன்ட்தான் இது. சனிக்கிழமையிலிருந்து மூன்றாவது பேன்ட்.

"ஏதாவது ஒர்க் ஷாப் பெஞ்சுல உட்கார்ந்திருப்பான், விடு" என்று கணவர் அன்றைக்கே சொல்லிவிட்டார். அண்ணியால் விட முடியவில்லை. வண்டி எண்ணெய் கறுத்திருக்கும், வாசம் காட்டிக்கொடுக்கும். இது அதுவல்ல. தவிரவும், பெஞ்சில் உட்கார்ந்து பட்ட கறை வெளிப்பக்கம் அடர்த்தியாகவும் உள்பக்கம் லேசாகவும் இருக்கும். இது நேர்மாறு.

வெளியிலிருந்து பட்டதில்லை. உடம்பிலிருந்து வந்தது.

என்ன வியாதியோ என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சின்னவனிடம் நேற்றே கேட்டாள். "அது ஒண்ணுமில்ல அண்ணி" என்று காது வரை சிவந்து நழுவிவிட்டான்.

இரண்டு மாதமாகவே அவன் பழைய சின்னவன் இல்லை. தலையை ஒழுங்காக வாருகிறான். சீட்டியடிக்கிறான். வெட்டுப்படாத விரலுக்குப் பிளாஸ்திரி வாங்க மூன்றாவது தெரு மருந்துக்கடைக்குப் போகிறான். "நம்ம வீட்ல இருக்கிற பிளாஸ்திரிய ஒட்டினா ஒரு மனுஷனையே மூடிடலாம்" என்று கணவர் கிண்டல் செய்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும்தான். அந்தக் கடையில் நிற்கும் பெண்ணை அவளுக்குத் தெரியும். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத, வெள்ளைக் கோட்டின் கஞ்சி சரியாக இல்லையென்றால் திருப்பி அனுப்புகிற பெண்.

ஏதோ கருகும் வாசனை வந்தது.

அண்ணி நிமிர்ந்தாள். பெரிய நீராவிப் பிரஸ் மூடிக்கிடந்தது. அதன் விளிம்பில் ஒரு வெள்ளைச் சட்டைக் கை தொங்கிக்கொண்டிருந்தது. பிரஸ்ஸின் முன்னால் சின்னவன், பெடலில் வைத்த கால் வைத்தபடி நின்றிருந்தான். கண் திறந்திருந்தது. பார்வையில்தான் ஆள் இல்லை.

"தம்பி!"

அண்ணி மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

"டேய் சின்னவனே!"

அவன் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டினான். "கூப்பிட்டீங்களா அண்ணி?" என்றான். பிறகுதான் புகையைப் பார்த்தான். பதறிப்போய்ப் பிரஸ்ஸைத் தூக்கினான். சட்டையின் முதுகில் ரொட்டி தீய்ந்த மாதிரி ஒரு பழுப்புத் தடம்.

"ஏதோ யோசனை" என்றான்.

காலையில் அவன் கையிலிருந்த டீ டம்ளர் யாரோ தட்டிவிட்டது போலத் துள்ளி விழுந்ததும் அண்ணிக்கு ஞாபகம் வந்தது. அப்போதும் "ஏதோ யோசனை" என்றுதான் சொன்னான்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் இதே பிரஸ்ஸின் மேல் வலிப்பு வந்து விழுந்தவன் அவன். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அந்தத் தழும்பு இருக்கிறது. அதனால்தான் எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. அன்றிலிருந்து கவுன்டரில் சீட்டுக் கிழித்துக்கொடுக்கும் வேலை மட்டும்தான். கடைசி மூன்று வருடத்தில் ஒரு வலிப்புகூட வரவில்லை. மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று, தவறியதேயில்லை. டாக்டர் தலையாட்டிய பிறகு, இரண்டு மாதம் முன்புதான் அண்ணன் அவனை மறுபடி பிரஸ்ஸில் நிற்கவைத்தார். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணி நீராவிக் குழாயைத் திருகி மூடினாள்.

"நீ போய்க் கவுன்டர்ல உட்காரு."

"ஏன் அண்ணி? ஒரு சட்டைதானே..."

"எனக்குத் தலை வலிக்குது. சீட்டு போட ஆளில்ல. போ."

அவன் இரண்டடி எடுத்து வைத்தான். திடீரென்று முகம் மாறி, கவுன்டருக்குப் போகாமல் கொல்லைப்புறக் கழிவறைக்கு ஓடினான். அதுவும் பத்து நாளாக நடக்கிற கூத்துதான். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் ஓட்டம்.

அண்ணி கறை மேசைக்குத் திரும்பினாள். எந்தத் துணியையும் நனைக்கும் முன் பாக்கெட்டைத் துழாவித் தட்டில் கொட்டுவது அந்தக் கடையின் சட்டம். சொந்த வீட்டுத் துணிக்கும் அது உண்டு. சாம்பல் பேன்ட்டின் பின் பாக்கெட்டில் கையை விட்டாள்.

ஒரு பஸ் டிக்கெட். ஒரு பிளாஸ்திரி. பிறகு பாதி காலியான ஒரு மாத்திரை அட்டை. நீல நிறக் கேப்ஸ்யூல்கள்.

அவனுடைய வலிப்பு மாத்திரையை அவள் தூக்கத்திலும் அடையாளம் சொல்வாள். இது அதுவல்ல.

*

மருந்துக்கடை வாசலில் ஓர் எடை பார்க்கும் இயந்திரம். உள்ளே கண்ணாடிக்காரப் பெண் மட்டும். அண்ணி அட்டையைக் கவுன்டரில் வைத்தாள்.

"இது எதுக்குன்னு சொல்றியாம்மா?"

அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். கன்னத்தில் மெல்லச் சூடு ஏறியது தெரிந்தது.

"இது யார் வாங்கினதுன்னு நான் சொல்லக்கூடாதுக்கா."

"யாருன்னு நான் கேக்கல. என்ன பண்ணும்னு கேக்கறேன்."

"அது சொல்லலாம்." அவள் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். "உடம்பு இளைக்கிறதுக்கு. சாப்பாட்டுல இருக்கிற கொழுப்ப உடம்புக்குள்ள போகவிடாது."

"அதெப்படி? வயித்துல காவல்காரனா நிக்குமா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள்.

"உங்க கடையில எண்ணெய்க் கறைக்கு என்ன போடுவீங்க?"

"என்சைம் பவுடர். இளஞ்சூடு தண்ணியில ஊறப் போடுவோம். கொதிக்கிற தண்ணியில போட்டா வேலை செய்யாது."

"அந்தப் பவுடர் எண்ணெய என்ன பண்ணுது?"

"பொடிப்பொடியா உடைச்சுவிடும். அப்புறம் தண்ணியோட போயிடும்."

"அதேதான்க்கா. அதுல லைப்பேஸ்னு ஒண்ணு இருக்கு. அதே குடும்பத்துச் சரக்கு நம்ம குடல்லயும் ஊறுது. நாம சாப்பிடுற கொழுப்பு பெரிய பெரிய துண்டா இருக்கும். அப்படியே குடல் சுவரைத் தாண்டாது. லைப்பேஸ் கத்திரிக்கோல் மாதிரி வெட்டிக்கொடுத்தாத்தான் உள்ள போகும். இந்தக் கேப்ஸ்யூல் போய் அந்தக் கத்திரிக்கோல் வாயிலயே ஒட்டிக்கும். வெட்ட முடியாது. பத்துல மூணு பங்கு கொழுப்பு வெட்டுப்படாம அப்படியே..."

"வெளிய வந்துடும்" என்றாள் அண்ணி.

"ஆமா."

"ஆரஞ்சு நிறத்துல, எண்ணெயா."

அந்தப் பெண் குனிந்துகொண்டாள். "எண்ணெய்ப் பண்டத்தைக் குறைக்கச் சொல்லித்தான் கொடுத்தேன். குறைக்கலைன்னா அப்படித்தான் ஆகும். அடக்கவும் முடியாது. பாவம்."

சனிக்கிழமையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் நகர்ந்தது. அவ்வளவுதானா? அண்ணிக்குச் சிரிப்புகூட வந்தது. "ஏற்கெனவே போட்ட தொப்பையையும் கரைக்குமா? கரைக்கும்னா எனக்கும் ரெண்டு குடு."

"அது கரைக்காதுக்கா. ரத்தத்துலயே அதிகம் கலக்காது. குடலுக்குள்ள வேலையை முடிச்சுட்டு வெளிய போயிடும். புதுசா வர்ற கொழுப்பத்தான் தடுக்கும். அதனால சில வைட்டமினும் கூடவே போயிடும், கொழுப்புல கரையுறது எல்லாம். அதுக்குத் தனியா மாத்திரை கொடுத்திருக்கேன், படுக்கப் போறப்ப சாப்பிட." அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். "ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுறவங்க, தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தொடக்கூடாது. அப்புறம் வலிப்பு மாத்திரை. அந்த மாத்திரை உடம்புல சேர்றது குறைஞ்சுபோகலாம். நல்லா இருந்தவங்களுக்கே மறுபடி வலிப்பு வந்திருக்கு."

கல் நகர்ந்த இடத்தில் பாறை வந்து விழுந்தது.

"அதனாலதான் யார் கேட்டாலும் முதல்ல அதைத்தான் கேப்பேன். வேறு மருந்து எதுவும் சாப்பிடுறீங்களான்னு. இதை வாங்கினவங்க எதுவும் இல்லைன்னாங்க. நோட்டுலயும் எழுதிக்கிட்டேன்." அவள் நிறுத்தினாள். "ஏன்க்கா, ஏதாவது...?"

அண்ணியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

போன வருடமும் இப்படித்தான் வந்தது. பெண் வீட்டார் வந்து உட்கார்ந்து, எல்லாம் கைகூடும் நேரத்தில், வலிப்பை மறைத்துக் கட்டிவைப்பது பாவம் என்று பெண்ணின் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னவள் அண்ணிதான். அவர்கள் டம்ளரைக்கூடக் காலி செய்யாமல் எழுந்துபோனார்கள். "சொல்ல வேண்டியதுதான் அண்ணி. ஆனா என் வாயால சொல்ல விட்டிருக்கலாம்" என்றான் சின்னவன். அதற்குப் பிறகு ஆறு மாதம், வேலைக்குத் தேவையானதைத் தவிர அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் அண்ணி. "தலைவலிக்கு ஏதாவது குடு."

*

கவுன்டரில் சின்னவன் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அண்ணி நீல அட்டையை அவன் முன் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான்.

"வலிப்பு மாத்திரைய இது உள்ள சேர விடாதாம். தெரியுமா உனக்கு?"

"அட்டைப்பெட்டிக்குள்ள ஒரு காகிதம் இருந்துச்சு. சின்னச் சின்ன எழுத்து. படிக்கல."

"அவ கேட்டாளாமே."

அவன் சீட்டுக் கட்டைக் கீழே வைத்தான்.

"அந்த வலிப்பு மாத்திரைதான் அண்ணி என்னைப் பன்னிரண்டு கிலோ ஏத்திவிட்டுச்சு. அவ கடை வாசல்ல எடை மெஷின் இருக்கில்ல, பேச ஒரு சாக்கு வேணுமேன்னு தினமும் ஏறி ஏறி இறங்கினேன். ஒருநாள், உடம்பைக் குறைக்கணுமான்னு அவளாக் கேட்டா. ஆமான்னேன். நடங்க, எண்ணெயக் குறைங்கன்னா. அப்புறம் இது. கொடுக்கிறதுக்கு முன்னாடி நேரா என் முகத்தைப் பாத்து, வேறு மருந்து எதுவும் சாப்பிடுறீங்களான்னு கேட்டா." அவன் சட்டைக் கையை மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டுக்கொண்டான். "அன்னிக்குத்தான் முதல் தடவையா என் முகத்தை அப்படிப் பாத்தா. அந்த நேரத்துல எப்படி அண்ணி சொல்ல முடியும்?"

"அதுக்குன்னு உயிரோட விளையாடுவியா?"

"விளையாடல. மாத்திரை இருக்கே, கொழுப்பையெல்லாம் அது பாத்துக்கும்னு ரெண்டு துண்டு பொரிச்ச கோழி கூடச் சாப்பிட்டேன். அது வேணா விளையாட்டு."

சிரிக்கக்கூடாது என்று அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "டாக்டர்."

டாக்டர் அதிகம் பேசவில்லை. நீலத்தை இப்போதே நிறுத்து. உன் மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இன்றே வந்து ரத்தம் கொடு, மருந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். முடிவு வியாழக்கிழமை வரும். அதுவரை சூடான பொருள், உயரமான இடம், வண்டி ஓட்டுவது எதுவும் கூடாது. தனியாக எங்கும் போகாதே. விழுந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

மதியம் துணி மூட்டைகளோடு திரும்பிய கணவர் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். சின்னவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "திரும்பவும் கவுன்டர்ல பொம்மையா உட்கார வெச்சிடுவீங்க, அதானே" என்றான்.

அண்ணன் பிரஸ்ஸின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடினார். முனைகளை நிதானமாகச் செருகினார்.

"பிரஸ் எங்கயும் ஓடிப்போயிடாதுடா" என்றார். "ஓடுறதெல்லாம் நீதான், பத்து நாளா. வண்டியில ஏறு, ரத்தம் கொடுத்துட்டு வரலாம்."

*

வெயில் தாழ்ந்தபோது சின்னவன் குளித்து, சட்டை மாற்றி வந்தான். அரைக்கைச் சட்டை. நான்கு வருடத்தில் முதல் தடவை. அண்ணி ஒன்றும் கேட்கவில்லை.

"நீங்களும் வாங்க அண்ணி. தனியா போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"நான் எதுக்கு? உன் அண்ணனைக் கூட்டிட்டுப் போ."

"அவரு வந்தா பிளாஸ்திரி ஜோக் சொல்லுவாரு." அவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "கூட வாங்க. ஆனா பேசறது நான்."

அது போன வருடத்துக்கான பதில் என்று அண்ணிக்குப் புரிந்தது.

மருந்துக்கடை வாசலிலேயே அண்ணி நின்றுகொண்டாள். சும்மா நிற்பது நன்றாயில்லை என்று எடை இயந்திரத்தில் ஏறினாள். அது காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளே சின்னவன் நீல அட்டையைக் கவுன்டரில் வைத்தான். அதன் பக்கத்தில் இன்னோர் அட்டையை வைத்தான்.

"அன்னிக்குக் கேட்ட கேள்விய இன்னொரு தடவை கேளுங்க."

அந்தப் பெண் இரண்டாவது அட்டையைப் புரட்டிப் பார்த்தாள். பெயரைப் படித்தாள். அவன் கையின் தழும்பில் ஒரு கணம் பார்வை நின்றது. கேட்கும்போது அவள் குரல் கடைக்குரலாகவே இருந்தது.

"வேறு மருந்து எதுவும் சாப்பிடுறீங்களா?"

"ஆமா. வலிப்புக்கு. நாலு வருஷமா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

அவள் இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தாள். பக்கத்தைத் தேடினாள். ஒரு சொல்லின் மேல் கோடு போட்டாள். பக்கத்தில் வேறு எழுதினாள்.

"இதை எங்க வாங்குறீங்க?"

"பெரிய ஆஸ்பத்திரிப் பக்கத்துல."

"ரெண்டு பஸ் மாறிப் போகணுமே. இங்கயே இருக்கே, அந்த ரெண்டாவது அலமாரியில."

"உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான்."

பேனாவை மூடி வைத்தாள். அப்போதுதான் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"உங்களுக்கு வலிப்புன்னு தெரிஞ்சா நான் என்ன நினைச்சிருப்பேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அதை விடுங்க. நான் கேட்டது ஊர்க்கதை இல்ல. அது என் வேலை. நீங்க சொன்ன பதிலை நம்பித்தான் என் கையால எடுத்துக் கொடுத்தேன். பிரஸ் மேல விழுந்திருந்தா?" குரல் உடைந்தது. அவள் இருமிச் சரிசெய்துகொண்டாள். "பிரஸ்லதானே நிக்கிறீங்க?"

"இன்னிக்கு வரைக்கும்."

"விழுந்தீங்களா?"

"இல்ல. ஒரு சட்டை கருகிடுச்சு. கையும் சமயத்துல துள்ளுது. அண்ணிதான் கண்டுபிடிச்சாங்க. கறையைப் பாத்து."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. காது, கழுத்து, எல்லாம் சிவந்து போனது. வாசலில் அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு!

அண்ணி ஒரு கண்ணைத் திறந்தாள். அந்தப் பெண் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்.

திரும்பியபோது முகம் பழையபடி கடை முகம்.

"இனிமே உங்களுக்கு இந்தக் கடையில எடை குறைக்கிற மாத்திரை கிடையாது. கேட்டாலும் தர மாட்டேன்."

"சரிங்க."

"ரத்தம் கொடுத்தாச்சா?"

"கொடுத்தாச்சு. முடிவு வியாழக்கிழமை."

"வந்ததும் எனக்குச் சொல்லணும். நோட்டுல எழுதணும்."

"போன் நம்பர் கொடுத்தீங்கன்னா..."

"நேர்ல" என்றாள் அவள். நீல அட்டையை எடுத்துத் திருப்பி வாங்கிய மருந்துகளின் பெட்டியில் போட்டாள். மற்ற அட்டையை அவன் பக்கம் தள்ளினாள். "இதை மட்டும் தவறவிடாதீங்க."

சின்னவன் வெளியே வந்தபோது எடை இயந்திரத்தில் நிற்கும் அண்ணியைப் பார்த்தான். எண்ணையும் பார்த்தான்.

"அண்ணி, இது தப்பாக் காட்டும். நான் தினமும் ஏறினவன், எனக்குத் தெரியும்."

"பேசாம நட" என்றாள் அண்ணி. சொல்லும்போதே சிரிப்பு வந்தது. பல நாளாக அவனிடம் வராத சிரிப்பு.

அவன் சீட்டியடிக்கத் தொடங்கினான். தெருமுனை வரை அந்த மெட்டு அறுபடாமல் வந்தது. பிறகு பாதியில் நின்றது.

அண்ணி திரும்பினாள். அவன் வலது கை தானாக ஒரு துள்ளுத் துள்ளியது. மாத்திரை அட்டை நடைபாதையில் போய் விழுந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். எடுக்கக் குனியவில்லை.

"தம்பி?"

"இருக்கேன் அண்ணி" என்றான் அவன், மெதுவாக. "இருக்கேன்."

அண்ணி குனிந்து அட்டையை எடுத்தாள். மறு கையால் தழும்பு இருந்த அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். இன்று செவ்வாய். வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.